ஒழுகும் கொல்லைக் குட்டையைத் தோண்டித் திருத்துவது: கடலோர மணலுக்கு ஏற்ற முறை

குட்டையில் தண்ணீர் நிற்கவில்லை என்றதும் கொத்தனாரையோ ஜே.சி.பி.யையோ கூப்பிடுவது வழக்கம். அதற்கு முன் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று இரண்டு நாள் பார்த்துவிட வேண்டும். ஆவியாகப் போகலாம், விளிம்பு வழியே போகலாம், பக்கவாட்டில் போகலாம், அடியில் போகலாம். வழிக்கு ஏற்றபடி வைத்தியமும் மாறும். ராமநாதபுரம் கடலோரத்தில் ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் ஆவி. வைகாசி பிறந்து தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்தில் திறந்த தண்ணீர் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மி.மீ. வரை வற்றும். 24 அடிக்கு 18 அடி தண்ணீர்ப் பரப்புள்ள குட்டையில் 7 மி.மீ. என்றால் 280 லிட்டர். வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் கண்முன்னே குறையும்போது ஓட்டை விழுந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

இதைப் பிரித்தறிய ஒரு வாளி போதும். குட்டையின் ஆழமில்லாத இடத்தில் இரண்டு செங்கலை வைத்து, அதன் மேல் வாளியை வைத்து, உள்ளே ஒரு கல்லையும் போடுங்கள். குட்டைத் தண்ணீரையே வாளியில் ஊற்றி, உள்ளும் புறமும் மட்டம் ஒன்றாக வரும்படி செய்து இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். மழை இல்லாத நாளாக இருக்க வேண்டும், மோட்டார் போடக் கூடாது. 24 மணி நேரம் கழித்து வாளிக்குள் 7 மி.மீ., வெளியே 8 மி.மீ. குறைந்திருந்தால் குட்டையில் ஒழுக்கே இல்லை. காற்றுத் தடுப்பும் நிழல்வலையும் போட்டால் போதும். வாளியில் 7, வெளியே 20 என்றால் 13 மி.மீ. மண்ணுக்குள் போகிறது. மேலே சொன்ன பரப்புக்கு அது நாளொன்றுக்கு 520 லிட்டர்.

ஒழுக்கு உறுதியானால் தண்ணீரை ஊற்றாமல் தானாக இறங்க விடுங்கள். நட்டு வைத்த குச்சியில் தினமும் காலையில் ஒரு கோடு. சட்டென்று ஒரு மட்டத்தில் இறக்கம் நின்றுவிட்டால், அந்த மட்டத்தைச் சுற்றித்தான் ஓட்டை. ஆழம் குறையக் குறைய இறக்கமும் மெதுவானால் பக்கம், அடி எல்லாமே கசிகிறது. கடைசிவரை ஒரே வேகம் என்றால் அடியில் விரிசல். சந்தேகமான இடத்தில் காற்றில்லாத விடியற்காலையில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். கலங்காத தண்ணீரில் நீலம் நூலாக இழுத்துக்கொண்டு விரிசலுக்குள் போவது தெரியும். மேல்மட்டத்தில் மட்டும் ஒழுகினால் விளிம்பைச் சந்தேகப்படுங்கள். குட்டைக்குள் விரித்த பிளாஸ்டிக் தாளின் ஓரத்துக்கு மேல் மண் சரிந்திருக்கும், அல்லது புல்வேர் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல வெளி மண்ணுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். இதற்குத் தோண்டவே தேவையில்லை. புல்லைச் செதுக்கி ஓரத்தைத் தூக்கிக் கட்டினால் போதும்.

ஐந்தாவது வழி இதுதான். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம், பாம்பன் போன்ற இடங்களின் மணலில் ஐந்தாறு அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அப்படித் தோண்டிய குழியில் கார்த்திகையில் நிற்பது நிலத்தடி நீர். பங்குனியில் அது இறங்கும்போது குழியும் காய்கிறது. பக்கத்து உறைகிணற்றில் கயிறு விட்டு மட்டத்தை அளந்து பாருங்கள். கிணறும் குட்டையும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கினால் அது ஒழுக்கே அல்ல, ஊற்று. அதன் அடியில் பூச்சு வேலை செய்வது வீண் செலவு.

இந்தப் பக்கத்தில் குட்டை கெடுவதற்கான காரணங்களும் பெரும்பாலும் தெரிந்தவையே. மணல் மேல் செங்கலும் சிமெண்டும் வைத்துக் கட்டியது, மணல் ஒரு பக்கம் அமிழ்ந்ததும் சுவரும் தரையும் சேரும் மூலையில் வாய் பிளந்துவிடும். உள்ளே கம்பி இருந்தால் உப்பு அதைத் துருவேற்றி, துரு பருத்து, பூச்சைத் தள்ளிவிடும். மேலே இன்னொரு பூச்சு பூசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. களிமண் அடித்தளம் கோடையில் வறண்டு பாளம் பாளமாக வெடிக்கும். பெருச்சாளி வளையும் நண்டு வளையும் கரையைக் குடைந்துவிடும். சீமைக்கருவேல வேர் ஈரத்தைத் தேடி எவ்வளவு தூரமும் வரும். பழைய ஃபிளக்ஸ் பேனரை விரித்துக் குட்டை செய்திருந்தால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வெயிலில் மடிப்பு மடிப்பாக உடைந்துவிடும்.

இனி வேலை. உச்சிப்புளி தொடங்கி மண்டபம், தீவு வரையிலான மணல் பட்டையில் தாள் விரிப்பதுதான் சரி. ஆர்.எஸ். மங்கலம், முதுகுளத்தூர் பக்கம் போன்ற களிமண் தரையில் தாளுக்குப் பணம் போடத் தேவையில்லை, மண்ணையே மிதித்துக் கெட்டிப்படுத்தலாம். பெண்டோனைட் என்ற களிமண் பொடியைத் தூவினால் அடைத்துக்கொள்ளும் என்று விற்பார்கள். நல்ல தண்ணீரில் அது உப்பி அடைக்கும், உண்மைதான். உவர்த் தண்ணீரிலும், சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மணலிலும் அது சரியாக உப்பாது. கடலோரத்தில் அதை நம்ப வேண்டாம்.

தோண்டும் காலம் ஆவணி, அல்லது புரட்டாசி முதல் பாதி. நிலத்தடி நீர் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். மாவட்டத்துக்கு வருடத்துக்குக் கிடைப்பது சுமார் 800 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். ஐப்பசி பிறந்த பிறகு குழியைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து.

ஆழத்தைத் தீர்மானிப்பது கிணறு. உறைகிணற்றின் உட்பக்கத்தில் மழைக்கால மட்டம் கறையாகப் படிந்திருக்கும். தரையிலிருந்து அந்தக் கறை வரை அளந்து, அதில் ஓரடியைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் தோண்டக்கூடிய ஆழம். ஆழம் போதவில்லை என்றால் கரையை உயர்த்துங்கள், கீழே போகாதீர்கள். தோண்டும்போது தண்ணீர் வந்துவிட்டால் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டுவது இங்கே செய்யக் கூடாத வேலை. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. கணக்குப்படி மேல்மட்டம் ஓரடி இறங்கினால், கீழே உப்பின் எல்லை நாற்பது அடி அளவுக்கு மேலேறப் பார்க்கும். இறைக்கிறவர் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும்.

அளவுக்கு ஒரு கணக்கு. மேல்வாய் 26 அடிக்கு 20 அடி, மொத்த ஆழம் 4 அடி, சரிவு ஓரடி இறங்க இரண்டடி நீளம். அப்போது அடித்தளம் 10 அடிக்கு 4 அடி வரும். விளிம்புக்கு அரையடி கீழே தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 20,000 லிட்டர் கொள்ளும். இந்த நாலடியில் மூன்றடி தோண்டி, ஓரடி கரை எழுப்புவது நல்லது. தோண்டும் மண் 5 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) சற்று மேல் வரும். மூன்றடி மேலகலமும் இரண்டு பக்கச் சரிவுமாக ஓரடிக் கரை எழுப்ப அதே அளவு மண் வேண்டும். டிப்பர் செலவு மிச்சம். கரை உயர்ந்திருப்பதால் தெருச் சேறும் கொல்லைக் குப்பையும் மழையோடு உள்ளே வராது.

சரிவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஈர மணல் வெட்டும்போது சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து இடத்தை மிச்சப்படுத்த நினைத்து நெட்டுக்குத்தாக வெட்டிவிட்டால், இரண்டு நாள் வெயில் பட்டதும் பொலபொலவென்று சரியும். தாள் விரித்த பிறகு சரிந்தால் இன்னும் மோசம். தாளுக்குப் பின்னால் பள்ளம் விழுந்து, தண்ணீர்ப் பாரம் அங்கே அழுத்தி, தாள் இழுபட்டுக் கிழியும். காய்ந்த மணல் தானாக நிற்கும் சரிவு, ஓரடிக்கு ஒன்றரை அடி என்ற அளவிலேயே முடிந்துவிடுகிறது. கால் வைத்தால் அதுவும் இறங்கும். ஆகவே மணலுக்கு ஓரடிக்கு இரண்டடி, சவுடு கலந்த மண்ணுக்கு ஓரடிக்கு ஒன்றரை அடி.

பழைய குட்டையில் மீன் இருந்தால் முதலில் அதே தண்ணீரோடு டிரம்மில் எடுத்து நிழலில் வையுங்கள். பிறகு அடியிலுள்ள கறுப்புச் சேற்றை முழுக்க வழித்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் தாளுக்கு அடியில் அது அழுகி, வாயு கிளம்பி, தாள் நடுவில் கொப்பளித்து நிற்கும். காய்ந்த சேற்றில் வெள்ளையாக உப்புப் பூக்காவிட்டால் தென்னைக்குப் போடலாம். பழைய சிமெண்ட் உடைசல் ஒன்றுகூடக் குழிக்குள் இருக்கக் கூடாது.

ஜே.சி.பி.யை வைத்துத் தோண்டினாலும் கடைசி அரையடியை மண்வெட்டிக்கு விட்டுவிடுங்கள். எந்திரம் ஓரிடத்தில் கூடுதலாக அள்ளிவிட்டால் அங்கே மறுபடி கொட்டும் மண் இறுகாமல் பிறகு அமிழும். கரையைத் தண்ணீர் தெளித்து அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். அமிழ்வதற்கு இரண்டங்குலம் கூடுதலாகவே எழுப்புங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்து நான்கு பக்க விளிம்பையும் சரிபாருங்கள். ஒரு மூலை ஓரங்குலம் தாழ்ந்தால் குட்டை முழுக்க ஓரங்குலம் குறையும். இந்த அளவுக்கு அது ஆயிரம் லிட்டர்.

வேர்களைச் சரிவோடு ஒட்டி அறுத்தால் போதாது. அரையடி உள்ளே தோண்டி வெட்டி மண்ணால் மூட வேண்டும். பத்தடிக்குள் சீமைக்கருவேல் இருந்தால் தூரோடு எடுத்துவிடுங்கள். மணலில் உடைந்த சிப்பி, சங்குத் துண்டு, பவளக்கல் சில்லு எல்லாம் கலந்திருக்கும். ஒரு சிப்பி முனை போதும், மூன்றடித் தண்ணீர்ப் பாரத்தில் தாளைக் குத்திவிடும். அதனால் சல்லடையில் சலித்த மணலை இரண்டங்குலம் பரப்பி, ஈரமாக்கி, கையால் தடவிப் பாருங்கள். அதன் மேல் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஜியோ துணி போட்டால் நல்லது. கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் தீவனச் சாக்கைப் பிரித்து விரிக்கலாம். சணல் சாக்கு, பனையோலைப் பாய், பழைய சேலை வேண்டாம். கறையான் ஏறும், ஏறினால் தாளையும் கடிக்கும். பழைய வலையும் வேண்டாம், முடிச்சு முடிச்சாக அழுத்தும்.

தாள் 500 மைக்ரான் (அரை மி.மீ. கனம்) எச்.டி.பி.இ. (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) என்று கேட்டு வாங்குங்கள். நீளக் கணக்கு இப்படி: அடித்தளம் 10 அடி, இரு பக்கச் சரிவு ஒவ்வொன்றும் 9 அடி, கரை மேல் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு 3 அடி, தளர்வுக்கு ஓரடி. மொத்தம் 35 அடி. அகலம் அதே முறையில் 29 அடி. ஓரங்களை உருக்கி இணைக்கும் எந்திரம் வைத்திருப்பவரிடம் ஒரே தாளாகச் சேர்த்து வாங்குவதே உத்தமம். கடையில் 300 மைக்ரானை 500 என்று தள்ளிவிடுவதும் உண்டு. சாதா எச்.டி.பி.இ. 500 மைக்ரான் ஒரு சதுர அடிக்கு 44 கிராம் இருக்கும். இந்தத் தாள் 45 கிலோவுக்கு அருகில் வர வேண்டும். முப்பது கிலோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விரிப்பது காலை ஒன்பது மணிக்குள். வெயில் ஏறினால் தாள் விரியும், காற்று ஏறினால் தூக்கும். கச்சான் காற்றில் இந்த அளவுத் தாளை நாலு பேர் பிடித்தாலும் நிற்காது. மணல் மூட்டைகளைத் தயாராக வைத்து, வைத்த இடத்தை விட்டு இழுக்காமல் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். உள்ளே இறங்குபவர்கள் வெறுங்காலோடு இறங்கட்டும். கொலுசு, மெட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். தாளை விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது. குளிர்ந்தால் சுருங்கும் பொருள் அது. சரிவின் அடியில் ஒரு மடிப்புத் தளர்வு இருக்கட்டும்.

கரை மேல், உள்விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி ஆழமும் ஓரடி அகலமுமான சால் தோண்டி அதற்குள் தாளை மடித்து விடுங்கள். அந்தப் பள்ளத்தை அப்போதே மூடிவிடக் கூடாது. முதலில் பாதிக் குட்டை தண்ணீர் நிறையட்டும். தாள் தன் இடத்தில் உட்கார்ந்து, வேண்டிய அளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மண் போட்டு இடியுங்கள். அவசரப்பட்டு முன்பே மூடினால் தாள் மூலையில் விண்ணென்று நிற்கும். அங்கேதான் முதல் கிழிசல். வெயில் படும் மேல் ஓரத்தைத் தட்டைக் கல்லோ மண்ணோ போட்டு மறைத்துவிடுங்கள். விளிம்புக்குப் பவளக்கல் வேண்டாம். பாம்பனிலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். இன்று கடலிலிருந்து பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூரான முனையும் தாளுக்கு ஆகாது.

உபரி நீருக்குத் தாளை அறுத்துக் குழாய் செருகாதீர்கள். குழாய் நுழையும் இடம்தான் பிறகு ஒழுகும். கரையில் ஒரு பக்கம் இரண்டடி அகலத்துக்கு அரையடி தாழ்வாக வாய்க்கால் விட்டு, அதே தாளை அதன் மேல் ஓட்டுங்கள். வழியும் தண்ணீர் வாழைக் குழியில் இறங்கட்டும். நிலத்தடியில் நல்ல தண்ணீர் சேரும்.

களிமண் போடுவதென்றால் வேலை வேறு. கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலக அனுமதி வாங்க வேண்டும். மண்ணை உருண்டை பிடித்து இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் உருண்டையாகவே இருந்தால் எடுக்கலாம். பாலாகக் கரைந்து கலங்கியிருந்தால் அது களர்மண், ஒதுக்கிவிடுங்கள். ஓரடிக் கனத்துக்கு, அரையடி அரையடியாக ஈரத்தோடு போட்டு மிதித்து இறுக்க வேண்டும். மேலே அரையடி மணல் மூடினால் வெடிப்பு குறையும். இதே அளவுக் குட்டைக்கு இறுகிய கணக்கில் 6 யூனிட், கொட்டும் கணக்கில் 8 யூனிட் மண் பிடிக்கும். ஒரு கோடை முழுக்கக் காய விட்டால் மறுபடி மிதித்தே ஆக வேண்டும்.

தாள் குட்டையில் முதல் மழைக்காலம்தான் பரீட்சை. வெளியே நிலத்தடி நீர் ஏறி, உள்ளே தண்ணீர் குறைவாக இருந்தால் தாள் அடியிலிருந்து உப்பி மேலே வந்துவிடும். இதைக் கண்காணிக்க, கரைக்கு வெளியே ஐந்தடி ஆழத்துக்கு இரண்டங்குலப் பி.வி.சி. குழாயை இறக்கிவிடுங்கள். கீழ் இரண்டடியில் துளை போட்டு, கொசுவலைத் துணி சுற்றியிருக்க வேண்டும். குச்சி விட்டுப் பார்த்தால் வெளிமட்டம் தெரியும். வெளிமட்டம் எப்போதும் குட்டை மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை எக்காரணம் கொண்டும் குட்டையைக் காலி செய்யாதீர்கள்.

கிழிசலுக்கு எம்-சீல், பி.வி.சி. பசை, ஃபெவிகால் எதுவும் இந்தத் தாளில் ஒட்டாது. இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு போகத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, அதே தாளின் துண்டைச் சூடான காற்றுத் துப்பாக்கியால் உருக்கி ஒட்ட வேண்டும். அவசரத்துக்குப் பியூட்டைல் டேப் (ரப்பர் ஒட்டு நாடா) தாங்கும்.

பாசி பிடித்த தாள் கடும் வழுக்கல். ஆடோ நாயோ குழந்தையோ விழுந்தால் தானாக ஏறி வர முடியாது. முடிச்சுப் போட்ட நைலான் கயிறு இரண்டு பக்கமாவது, கரையில் முளையடித்துக் கட்டி, அடி வரை தொங்க வேண்டும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் சுற்றி வேலி இல்லாமல் தண்ணீர் நிரப்பக் கூடாது. கொசுப் புழுவுக்கு இருபது முப்பது குப்பி மீன் போதும், தானே பெருகிக்கொள்ளும்.

தண்ணீருக்குக் கூரையை நம்புங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் வீணாவது போகச் சுமார் 1,900 லிட்டர் வந்து சேரும். கோடையில் போர்த் தண்ணீரை ஊற்றி மட்டத்தைக் காப்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். 2,000 டி.டி.எஸ். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு என்ற அளவு) தண்ணீரை நாளுக்கு 280 லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 17 கிலோ உப்பு சேர்ந்து, குட்டையின் டி.டி.எஸ். 800-க்கு மேல் கூடும். மூன்று மாதத்தில் அல்லி இலை ஓரம் கருகத் தொடங்கும். ஆனியிலிருந்து மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். கார்த்திகையில் கூரைத் தண்ணீர் வாய்க்கால் வழியே நன்றாக வழிந்தோடும்படி இரண்டு பெருமழையாவது விட்டால் பழைய உப்பு பெருமளவு வெளியேறிவிடும்.